ஆசிரியரின் தகுதிச் சான்று: சரிபார்த்தலும் பேணுதலும்

நிலம் வாங்கப் புகும் உழவர் எவரும், விற்பவர் கொணர்ந்து காட்டும் கிரயப் பத்திரத்தைக் கண்ட மாத்திரத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. பத்திரம் பார்வைக்கு எவ்வளவு ஒழுங்காக இருப்பினும், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்று, பட்டாவையும் அடங்கலையும் ஒத்துப் பார்த்து, அதன் பின்னரே முன்பணம் தருகின்றார். காட்டுபவர் கையில் உள்ள தாள் ஒன்று. அதனை வழங்கிய அலுவலகத்தின் ஏட்டில் உள்ள பதிவு மற்றொன்று. இரண்டும் ஒத்திருந்தாலன்றி அவர் மனம் அமைதி கொள்வதில்லை. ஆசிரியர்களின் கல்விச் சான்றுகளைச் சரிபார்க்கும் முறையும் இதுவேயாகும். எனினும், நிலத்தின் பொருட்டு இவ்வளவு கவனம் செலுத்தும் நம் ஊர்ப் பெரியோர்கள், தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வரும் ஆசிரியரின் சான்று எங்கே, எவரால், எவ்வாறு சரிபார்க்கப்படுகின்றது என்பதை அறிந்துகொள்ள முற்படுவதில்லை. அறியாமையினால் சில இடங்களில் வீண் ஐயமும், வேறு சில இடங்களில் வீண் நம்பிக்கையும் தோன்றிவிடுகின்றன. இரண்டினாலும் இழப்பு நேர்வதை நாம் கண்டிருக்கின்றோம்.

வட்டார வளர்ச்சி அலுவலர் பள்ளிக்கூட விஷயத்தைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் வினவக்கூடும். காரணம் உண்டு. 1920-ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டத்தின் நாள் முதற்கொண்டே தொடக்கப் பள்ளிகளுக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் தொடர்பு இருந்து வந்திருக்கின்றது. 1958-ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்தினால் ஜில்லா போர்டுகள் மறைந்து ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தபோது, அப்பள்ளிகள் ஒன்றியங்களின் பொறுப்புக்கு வந்தன. ஆசிரியரை நியமித்ததும், சம்பளம் வழங்கியதும், பணிப் பதிவேட்டை வைத்துக் காத்ததும் ஒன்றிய அலுவலகமே. 1981 ஜூன் 1 முதல் அவ்வாசிரியர்கள் அரசு ஊழியராயினர். பள்ளிகளின் பெயர்ப் பலகையில் மட்டும் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்ற சொற்கள் இன்றளவும் நிலைத்திருக்கின்றன. கட்டடமும் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் பழுதுபட்டால் இன்றும் நம்மிடமே வருகின்றார்கள். சான்றுகளைப் பற்றிய பொறுப்பு கல்வித் துறையைச் சார்ந்தது. ஆயினும் அதைப் பற்றிய புகார்கள் முதலில் எழும் இடம் கிராம சபையாகவே இருக்கின்றது.

உரிமம் என்பது யாது?

மோட்டார் வண்டி ஓட்டுநருக்கு உரிமம் என்று தனியாக ஓர் அட்டை உண்டு. சில அயல்நாடுகளில் ஆசிரியருக்கும் அவ்வாறே உரிமம் வழங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் செய்கின்றார்கள். நம் நாட்டில் அத்தகைய தனி அட்டை கிடையாது. கல்வித் தகுதி, பயிற்சித் தகுதி, தகுதித் தேர்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே உரிமத்தின் இடத்தில் நிற்கின்றன. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, ஆசிரியர்க்குரிய குறைந்தபட்சத் தகுதியை வகுக்கும் பொறுப்பை ஓர் அமைப்புக்கு அளிக்குமாறு கூறுகின்றது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அப்பொறுப்பை ஏற்று, அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று தகுதிகளை அறிவித்தது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குக் கற்பிப்பவர், பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, ஈராண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி முடித்து, தகுதித் தேர்வின் முதல் தாளிலும் தேறியிருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, நம் மாநிலத்துப் பட்டதாரி ஆசிரியர் பட்டமும் பி.எட். பயிற்சியும் பெற்று, இரண்டாம் தாளில் தேறியிருத்தல் அவசியம்.

தகுதித் தேர்வு என்பது நூற்றைம்பது வினாக்களும் நூற்றைம்பது மதிப்பெண்களும் கொண்டது. குழுமம் வகுத்த பொது வரம்பு நூற்றுக்கு அறுபது, அதாவது 90 மதிப்பெண். ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்குச் சலுகை தரும் அதிகாரம் அரசுகளுக்கு உண்டு. நம் மாநிலத்தில் ஆசிரியர் தேர்வு வாரியம் 2012 ஜூலையில் முதன்முறையாக இத்தேர்வை நடத்தியபோது, ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர் தொகை மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை. விடையெழுத ஒன்றரை மணி நேரமே தரப்பட்டது போதாதென்ற குறை எழவே, அவ்வாண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் அளித்து மறுபடியும் தேர்வு நடத்தினார்கள். இச்சான்று முதலில் ஏழாண்டுகளுக்கே செல்லும் என்றிருந்தது. 2021 ஜூனில் மத்திய அரசு அதனை வாழ்நாள் முழுவதும் செல்லத்தக்கதாக ஆக்கி, 2011 முதல் பெற்ற சான்றுகளுக்கும் அச்சலுகையை நீட்டியது. ஆகவே 'உங்கள் சான்று காலாவதியாகிவிட்டது' என்று எவரேனும் ஓர் ஆசிரியரிடம் கூறினால், அது பழைய செய்தி என அறிக.

பார்ப்பது வேறு, கேட்பது வேறு

ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுத்தவர்களை அழைத்து, மூலச் சான்றுகளை நேரில் பார்வையிடுவதைச் சான்றிதழ் சரிபார்ப்பு என்கின்றோம். பலர் இத்துடன் சோதனை முடிந்தது என எண்ணுகின்றனர். உண்மையில் இது பத்திரத்தைக் கண்ணால் பார்ப்பது போன்றதே. வில்லங்கம் பார்க்கும் வேலை நியமனத்திற்குப் பின்னர்தான் வருகின்றது. அதற்கு 'உண்மைத்தன்மை அறிதல்' என்று பெயர். நியமன அலுவலர் ஒவ்வொரு சான்றின் படியையும், அதனை வழங்கிய நிறுவனத்திற்கே அனுப்பி, 'இது தங்களால் வழங்கப்பட்டதுதானா' என்று எழுத்து மூலம் கேட்கின்றார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டயப் பயிற்சி ஆகியவற்றின் சான்றுகள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்திற்குச் செல்லும். பட்டமும் பி.எட். சான்றும் அந்தந்தப் பல்கலைக்கழகத்திற்கும், சாதிச் சான்று வருவாய்த் துறைக்கும் செல்லும்.

வரும் விடையின் கடித எண்ணையும் நாளையும் பணிப் பதிவேட்டில் பதிந்து கையொப்பமிட்டால்தான் அந்தச் சான்று சரிபார்க்கப்பட்டதாகப் பொருள். பணிவரன்முறை ஆணையும், மூன்றாண்டுக் காலத்துக்குள் இரண்டாண்டுப் பணி நிறைவு செய்து பெறும் தகுதிகாண் பருவ ஆணையும் இதன் பின்னரே கிட்டும். பத்தாண்டில் தேர்வுநிலை, இருபதாண்டில் சிறப்புநிலை, இறுதியில் ஓய்வுக்காலப் பயன் என ஒவ்வொரு கட்டத்திலும் அதே ஏட்டைத் திறந்து அதே பதிவைத் தேடுகின்றார்கள். முதல் ஆண்டில் வராது நின்ற ஒரு கடிதம் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் வழிமறித்து நிற்கக்கூடும்.

சான்று விதை வாங்கும் உழவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். மூட்டையில் நீல நிற அட்டை தைக்கப்பட்டிருப்பதைக் கண்டே பலர் வாங்கிவிடுகின்றனர். அட்டையை எவரும் அச்சடித்துவிடலாம். அதிலுள்ள எண் விதைச் சான்றுத் துறையின் ஏட்டில் இருக்கின்றதா என்பதுதான் கேள்வி. போலி விதை ஒரு போகத்தைக் கெடுக்கும். வகுப்பறைக்குள் நுழைந்த போலிச் சான்று எத்தனை போகத்தைக் கெடுக்கும் என்று கணக்கிடுவது கடினம்.

ஒரு கிராம சபையில் நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், மே தினக் கிராம சபைக்குப் பார்வையாளராகச் சென்றிருந்தோம். குடிநீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடிந்த பின்னர், ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, தம் ஊர்ப் பள்ளிக்கு வந்துள்ள இளம் ஆசிரியையின் சான்று போலியானது என்றும், அதனால்தான் ஈராண்டு ஆகியும் அவருடைய வேலை நிரந்தரம் செய்யப்படவில்லை என்றும் கூறினார். 'யார் சொன்னார்கள், ஐயா?' என்று கேட்டோம். 'ஆபீசிலேயே பேசிக்கொள்கிறார்கள்' என்றார். அந்த ஆசிரியை வெளி மாவட்டத்தவர். ஊரில் அவருக்குப் பரிந்து பேச உறவினர் எவருமில்லை. அவர் அந்தக் கூட்டத்தின் பின்வரிசையில், சத்துணவு அமைப்பாளர் அம்மையாரின் அருகில் நின்றுகொண்டிருந்தார். விசாரணை கோரும் தீர்மானம் நிறைவேறிப் பதிவேட்டில் ஏறியது. வட்டாரக் கல்வி அலுவலரை அப்போதே தொலைபேசியில் அழைத்து ஒரு சொல் கேட்டிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். நாம் அதைச் செய்யவில்லை. தீர்மானம்தானே, கல்வித் துறை பார்த்துக்கொள்ளும் என்று வாளாவிருந்துவிட்டோம்.

பின்னர் கோப்பைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. அவருடைய பட்டயச் சான்றின் உண்மைத்தன்மை கேட்டு அனுப்பிய கடிதத்தில், பதிவெண்ணின் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருந்தன. அந்த எண்ணில் வேறொருவர் பெயர் இருக்கக் கண்ட தேர்வுத் துறையினர், 'விவரம் பொருந்தவில்லை' எனத் திருப்பியிருந்தனர். போதாக்குறைக்கு, அம்மையார் திருமணத்திற்குப் பின் தந்தையாரின் முதலெழுத்தை நீக்கிக் கணவரின் முதலெழுத்தை இட்டுக்கொண்டிருந்தார். பணிப் பதிவேட்டில் ஒன்றும் சான்றில் மற்றொன்றும் இருந்தன. 'பொருந்தவில்லை' என்ற சொல் அலுவலக மேசையிலிருந்து தேநீர்க் கடைக்குச் சென்று, அங்கிருந்து கிராம சபைக்கு வருவதற்குள் 'போலி' என்றாகிவிட்டது. சரியான எண்ணுடன் மறு கடிதம் எழுதியதும் இரண்டு வாரத்தில் நற்சான்று வந்தது. ஆனால் அதற்குள் அந்த ஆசிரியை மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்கு இடம் பெற்றுச் சென்றுவிட்டார். ஈராசிரியர் பள்ளியாக இருந்தது, ஏறத்தாழ ஓர் ஆண்டு ஓராசிரியர் பள்ளியாக நடந்தது. தலைமையாசிரியர் ஒருவரே ஐந்து வகுப்புகளையும் ஒரே கூடத்தில் வைத்துக்கொண்டு திண்டாடியதைப் பலமுறை நேரில் கண்டோம். அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்பது சட்டத்தின் அட்டவணை.

இதை விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. சான்று பற்றி ஐயம் எழுந்தால் கேட்க ஊராருக்கு உரிமை உண்டு. கேட்க வேண்டிய இடம் சபை மேடையன்று. வட்டாரக் கல்வி அலுவலருக்கோ மாவட்டக் கல்வி அலுவலருக்கோ எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றதற்கு ஒப்புகையும் வாங்கிக்கொள்ளலாம். ஊராட்சித் தலைவர் ஆசிரியரின் மூலச் சான்றைக் கொண்டுவரச் சொல்வதும், அதனைக் கைபேசியில் படம் பிடித்துக் குழுவில் பரப்புவதும் முறையல்ல. பள்ளிவாரியாக எத்தனை ஆசிரியர் பயிற்சி பெற்றவர், எத்தனை பேர் பட்டதாரிகள் என்ற எண்ணிக்கை மட்டும் வேண்டுமானால், யுடைஸ் தளத்தில் அப்பள்ளியின் அறிக்கையில் எவரும் காணலாம். அதற்கு எவரையும் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

தேறாதவர் போலியர் அல்லர்

அண்மைக் காலத்தில் இன்னொரு குழப்பம் எழுந்துள்ளது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், கல்வி உரிமைச் சட்டத்திற்கு முன்னரே பணியில் சேர்ந்தவர்களுள் ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளோர், இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று கூறப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குக் குறைவாக உள்ளோர் தேறாமலே ஓய்வு வரை பணியாற்றலாம். பதவி உயர்வு கோரினால் மட்டும் தேற வேண்டும். சிறுபான்மையினர் நிறுவனங்களைப் பற்றிய வினா பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இச்செய்தி நாளிதழ்களில் வந்த நாள் முதலாக, 'எங்கள் பள்ளி வாத்தியாருக்குத் தகுதி இல்லையாமே' என்று நம்மிடம் கேட்டவர் பலர்.

அவ்வாசிரியர்கள் தாம் சேர்ந்த நாளில் இருந்த விதிகளின்படி முழுத் தகுதியுடன் சேர்ந்தவர்கள். அன்று இல்லாத தேர்வை இன்று எழுதுமாறு பணிக்கப்பட்டுள்ளனர். இருபது ஆண்டு பாடம் நடத்திய ஒருவர், தம்மிடம் படித்த பிள்ளையின் பக்கத்து மேசையில் அமர்ந்து தேர்வெழுதும் நிலையை எண்ணினால் நமக்கும் வருத்தமே. ஆனால் சட்டம் சட்டமே. ஊரார் செய்யத்தக்கது, அவர்கள் படிப்பதற்கு வேண்டிய மாலை நேரத்தை ஊர்க் காரியங்களுக்கு இழுக்காமல் விட்டுவைப்பதாகும். இது பற்றிய ஆணைகள் அவ்வப்போது மாறுதலுக்கு உட்பட்டவை. வதந்தியைக் கேளாது கல்வி அலுவலகத்தையே கேட்டறிவது நலம்.

மேலாண்மைக் குழு நேரடியாகப் பொறுப்பேற்கும் இடம்

சான்றைத் தம் கையால் சோதிக்க வேண்டிய கடமை ஊர் மக்களுக்கே வந்து சேரும் இடமும் ஒன்றுண்டு. 2022-ஆம் ஆண்டில், காலியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களே அமர்த்திக்கொள்ள அரசு இசைவளித்தது. இடைநிலை ஆசிரியருக்குத் திங்களுக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என மதிப்பூதியம் குறிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்ற பின்னர், தகுதித் தேர்வில் தேறியவர்க்கே முன்னுரிமை என்று நெறிமுறைகள் திருத்தப்பட்டன. இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உள்ளாட்சி உறுப்பினர்க்கும் இடமுண்டு. அப்போது சில குழுக்களில் நடந்ததை நாம் அறிவோம். 'நம்ம தெருப் பெண்தானே, பி.எட். முடித்திருக்கிறது' என்று ஒரே வார்த்தையில் முடிவு செய்தார்கள். பி.எட். படித்தவர் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கலாம் என்ற 2018-ஆம் ஆண்டு அறிவிப்பை 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. தொடக்க வகுப்புக்குப் பட்டயப் பயிற்சியே உரியது. எனவே எந்த வகுப்புக்கு ஆள் தேடுகின்றோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குரிய பயிற்சிச் சான்று யாதெனத் தலைமையாசிரியரைக் கேட்டறிந்த பின்னரே விண்ணப்பங்களைப் பிரிக்க வேண்டும்.

சான்றைப் பார்க்கும்போது மதிப்பெண்ணைவிட எண்களையே உற்று நோக்க வேண்டும்: பதிவெண், தேர்வு நடந்த மாதமும் ஆண்டும், சான்றின் வரிசை எண். பெயரும் பிறந்த நாளும் எல்லாத் தாள்களிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா, பத்தும் பன்னிரண்டும் முடித்த பின்னரே பட்டம் பெற்றிருக்கின்றாரா என்பவற்றையும் காண்க. இவ்வரிசையின்றித் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரே பெற்ற பட்டம், 2009-ஆம் ஆண்டின் அரசாணைப்படி நம் மாநில அரசுப் பணிக்குச் செல்லாது. 'மூலச் சான்று வீட்டில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன்' என்பவரிடம், அப்புறமே வாருங்கள் என்று சொல்லிவிடுவதில் தவறில்லை. தற்காலிகப் பணிதானே என்ற நினைவு வேண்டா. பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு ஒருமுறைதான் வருகின்றது.

ஏட்டைப் பேணுதல்

சரிபார்த்தது ஏட்டில் நில்லாவிடில் சரிபாராததற்கு ஒப்பாகும். பணிப் பதிவேட்டில் ஆண்டுதோறும் அவ்வாண்டின் பணிக்காலத்தைச் சம்பளப் பட்டியலுடன் ஒத்துப் பார்த்துப் பதிய வேண்டும். ஆசிரியரும் அதனைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். பல ஆசிரியர்கள் பணியில் சேர்ந்த அன்று கண்ட ஏட்டை ஓய்வுபெறும் ஆண்டில்தான் மறுபடியும் காண்கின்றார்கள். பிறந்த நாளில் பிழை இருந்தால் பணியேற்ற ஐந்தாண்டுகளுக்குள் திருத்தம் கோர வேண்டும்; அதற்குப் பின் வழியில்லை. முதலெழுத்து மாற்றம், பெயர் மாற்றம் ஆகியவற்றை உடனே அரசிதழில் வெளியிட்டுப் பதிவேட்டிலும் ஏற்றிவிட்டால், மேலே கூறிய ஆசிரியைக்கு நேர்ந்த தொல்லை பிறர்க்கு நேராது. இப்போது பதிவேடுகள் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டன. அது பெரிய வசதிதான். ஆயினும் தாளில் இருந்த பிழையையும் கணினி அப்படியே ஏற்றுக்கொண்டுவிடுகின்றது என்பதையும் மறத்தல் ஆகாது.

எமது அலுவலகப் பதிவறையைப் பற்றி ஒன்று கூற வேண்டும். 1981-க்கு முன்னர் ஒன்றியத்தால் நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள் யாவரும் இன்று ஓய்வுபெற்றுவிட்டனர், பலர் காலமாயினர். அவர்தம் மனைவியர் குடும்ப ஓய்வூதியத்திற்காகப் பழைய நியமன ஆணையைத் தேடி இன்றும் நம்மிடம் வருகின்றார்கள். அவ்வாறு வந்த ஒரு மூதாட்டியார் பொருட்டுப் பதிவறையைத் திறந்தபோது, கீழ்த் தட்டில் இருந்த பதிவேடுகளில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. அவர் கணவரின் பெயர் இருந்த பக்கம் தப்பியிருந்தது அவருடைய நற்பேறு. மூன்று நாள் தேடி அதனைக் கண்டெடுத்து, சான்றிட்ட படியைக் கல்வி அலுவலகத்திற்கு அனுப்பினோம். அதன் பிறகு அப்பதிவேடுகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இரும்பு அலமாரியில் வைத்து, ஆண்டு வாரியாக அட்டவணையும் எழுதி வைத்திருக்கின்றோம். பழைய ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களின் குடும்பத்தார் எவரேனும் தங்கள் ஊராட்சியில் இருப்பின், நியமன ஆண்டையும் பள்ளியின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வேலை நாளில் முற்பகலில் தத்தம் ஒன்றிய அலுவலகத்திற்கு வருமாறு உறுப்பினர்கள் அவர்களுக்குத் தெரிவிக்கலாம்.